காற்றின்றி வாழும் பற்றீரியா வளர்ப்பு

ஒட்சிசன் பட்டால் வளராத, சிலவேளை இறந்தே போகும் பற்றீரியாக்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் முறை. வன்னியில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் நீர் கட்டிய வயல்களில், சேற்றின் மேற்பரப்புக்குச் சில மில்லிமீற்றர் கீழேயே ஒட்சிசன் தீர்ந்துவிடும். மிதித்தால் எழும் குமிழிகளில் மெதேன் இருக்கும். (மெதேனை ஆக்குபவை ஆர்க்கியாக்கள், ஆனால் வளர்க்கும் முறை ஒன்றே.)

1889இல் கிட்டசாட்டோ ஷிபசபுரோ ஏற்புவலிக் கிருமியைத் தூய வளர்ப்பாகப் பிரித்தார். கலப்பு வளர்ப்பை 80 பாகை செல்சியசில் சூடாக்க, வெப்பந் தாங்கும் வித்திகள் மட்டும் எஞ்சின. அவற்றை ஐதரசனில் வளர்த்தார்.

மாடுகளின் முதல் இரைப்பையை ஆராய்ந்த றொபேட் ஹங்கேற் 1950இல் விவரித்த உருள்குழாய் முறையே சிறிய ஆய்வுகூடங்களுக்கு இன்றும் உகந்தது. ஊடகத்தைக் கொதிக்கவைத்து, ஒட்சிசன் நீக்கிய காபனீரொட்சைட்டைச் செலுத்தியபடியே றப்பர் அடைப்பானால் மூடுவர். மாதிரியிட்டபின் குழாயை உருட்ட, அகார் உட்சுவரில் மெல்லிய படலமாக இறுகும். ஊடகத்தில் சேர்த்த சிஸ்டீன் எஞ்சிய ஒட்சிசனை அகற்றும். ரெசசூரின் சாயம் இளஞ்சிவப்பாக இருந்தால் காற்று புகுந்துள்ளது, நிறமற்றிருக்க வேண்டும்.

மெழுகுதிரி எரித்து மூடிய சாடி இதற்குப் போதாது. ஒட்சிசனில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்போதே சுடர் அணைந்துவிடும்.