நத்தார்ப் பாடல்களின் நிலைபேறு

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது நாடறிந்த செய்தி. கல்லடிப் பாலத்தருகே நிலவெறிக்கும் இரவிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறுநுனியிற் செவியை வைத்துக் கேட்பது இந்நாட்டு வழக்கம். ஆயின், அவ்விசை கோடைக்கே உரியது. வடகீழ்ப் பருவக்காற்று வீசி, வாவி கலங்கிப் பெருகும் மார்கழியில் அது கேட்பதில்லை. அம்மாரிக் காலத்தில் வாவிக் கரையிற் பாடுவோர் மாந்தரே. வைகறையிற் சைவர் திருவெம்பாவை ஓதுகின்றனர். இரவிற் கிறிஸ்தவ இளைஞர் வீடு வீடாகச் சென்று நத்தார்ப் பாடல் பாடுகின்றனர்.

ஆண்டுதோறும் புதிய நத்தார்ப் பாடல்கள் தோன்றுகின்றன; வானொலியும் ஒலிப்பதிவும் அவற்றைப் பரப்புகின்றன. எனினும், நூறு, இருநூறு ஆண்டு கடந்த பழம்பாடல்களே மக்கள் நாவில் முதலில் எழுகின்றன. இதற்குக் காரணம் யாது? இவ்வினா கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. பழம்பாடல்களைச் செல்வமாகப் போற்றும் நமக்கும் அது பெரிதும் உரியது.

பழைமையே காரணம் என்பர் சிலர். அது பொருந்தாது. மேலைக் கிறிஸ்தவ உலகில் மிகப் பழையன இலத்தீன் மொழிப் பாக்கள். அவை குருமாரின் நாவிலும் ஏட்டிலும் நின்றன, தெருவிற்கு வரவில்லை. தெருவிற் பாடப்பெற்றவை வேறு. ஆங்கிலர் இவ்வகைப் பாடலுக்கு வழங்கும் 'கரோல்' என்னும் பெயர், கைகோத்து வட்டமாக ஆடிப் பாடுதலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ஆகவே, அதன் பிறப்பிடம் ஆலயமன்று, ஆடுகளமே. 1223ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சியோ என்னும் ஊரிலே புனித பிரான்சிஸ், வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பாலன் பிறந்த தொழுவத்தை எளிய மக்கள் கண்ணெதிரே அமைத்துக் காட்டினார். அவர் வழிவந்த துறவியர் மக்கள் பேசும் மொழியிற் பாடல் பெருகத் துணைநின்றனர்.

அரசின் ஆணையும் இப்பாடல்களை அழிக்க வல்லதாயிற்றில்லை. இங்கிலாந்திலே தூய்மைவாதியர் ஓங்கிய காலத்தில், 1647இல், பாராளுமன்றம் நத்தார் விழாவையே விலக்கியது. விழா அடங்கியது, பாடலோ நாட்டுப்புறத்தார் நாவில் ஒளிந்து வாழ்ந்தது. 1822இல் டேவிஸ் கில்பேர்ட் என்பாரும், 1833இல் வில்லியம் சாண்டிஸ் என்பாரும் அவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றினர். இன்று பேராலயங்களிற் பாடப்பெறும் பாடல்கள் சில, அன்று அவ்வாறு காப்பாற்றப்பட்டவையே.

உலகெங்கும் அறியப்பெற்ற 'அமைதியான இரவு' என்னும் பாடலின் வரலாறும் இதனையே உணர்த்தும். ஒஸ்திரியாவிலே யோசேப் மோர் என்னும் இளங்குரு 1816இல் அதன் சொற்களை யாத்தார். ஊர்ப் பள்ளியாசிரியரான பிரான்ஸ் சேவர் குரூபர் 1818ஆம் ஆண்டு மார்கழி 24ஆம் நாள் அதற்கு மெட்டமைத்தார். அன்றிரவு ஓபர்ண்டோர்வ் என்னும் சிற்றூர்க் கோவிலில், இரு குரலும் ஒரு கிற்றாரும் துணையாக அது அரங்கேறிற்று. பின்னர் திரோல் மலைநாட்டுப் பாடற் குடும்பத்தார் அதனை நாடுகள்தோறும் எடுத்துச் சென்றனர். பாடல் பரவியது; ஆக்கியோர் பெயர் மறைந்தது. 1854இல் பெர்லின் அரசவையிலிருந்து வினா எழுந்தபோது, குரூபரே அதன் பிறப்பு வரலாற்றை எழுதி விளக்க வேண்டியதாயிற்று. பாடியவர் ஒவ்வொருவரும் அதனைத் தமதாகவே கொண்டனர் என்பதற்கு இதினும் வேறு சான்று வேண்டுமோ? 1914ஆம் ஆண்டு நத்தார் இரவிலே யேர்மன், ஆங்கிலப் படைவீரர் பதுங்குகுழிகளிலிருந்து ஒருவர் பாட மற்றவர் கேட்டுப் போரை மறந்து நின்றதும் வரலாறு.

இனித் தமிழகத்தை நோக்குவோம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த யேர்மன் குருமாரும் அவர்க்குப் பின்வந்தோரும் தம் நாட்டுப் பாக்களைத் தமிழாக்கி, மேனாட்டு மெட்டிலேயே பாடுவித்தனர். அவை ஞானப்பாட்டு எனப்பட்டன. சுவார்ச் ஐயரிடம் பயின்ற தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) மற்றொரு வழியை வகுத்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்களோடு, தமிழர் செவிக்குப் பழகிய இராகத்திலும் தாளத்திலும் அவர் கீர்த்தனைகளை இயற்றினார். குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவத்தையும் பெத்லகேமுக்கு உரியதாக்கினார். மதுரையிற் பணிபுரிந்த எட்வேட் வெப் என்னும் அமெரிக்க ஐயர், 1853இல் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டமையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

மட்டக்களப்புக்கு 1814இல் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் ஐயர் வந்தார். அடுத்த ஆண்டே அவர் இங்கு மறைந்தார். அவர் தொடக்கிய கல்விப்பணி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிலைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலோ வழிபாட்டு மொழி நெடுங்காலம் இலத்தீனாகவே இருந்தது. 1963இல் வத்திக்கான் சங்கம் நாட்டு மொழிகளுக்கு வழிதிறந்தபின், தமிழ்ப் பாடல் பலிபீடத்தருகே உரிமையோடு ஒலிக்கலாயிற்று. ஏட்டுமொழியை நாமொழி வென்ற வரலாறு இது.

இதற்கு மறுதலையான சான்றும் நம் ஊரிலேயே உளது. 'நத்தார்' என்னும் சொல், பிறப்பைக் குறிக்கும் 'நாத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. போர்த்துக்கேயர் 1638இல் இவ்வூர்க் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தனர். எனினும், அவர் மொழியின் கலப்பு வழக்கொன்று மட்டக்களப்புப் பறங்கியரிடையே தலைமுறை தலைமுறையாக நிலவிற்று. வயலின் இசைக்கு அம்மொழியிற் பாடி ஆடுவது அவர் மணவீட்டு மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்னும் அரச அலுவலர் அப்பாடல்களின் கையெழுத்துப் படிகளைச் சேகரித்தார். அவை இன்று இலண்டன் நூலகத்திற் பத்திரமாக உள்ளன. ஆனால், அம்மொழியை வீட்டிற் பேசுவோர் தொகை குறைந்து வருகிறது. சொல் தமிழர் நாவிற் புகுந்து பிழைத்தது. பாடலோ ஏட்டிற்குச் செல்கிறது. நூலகம் பாடலைக் காக்கும், பாடாது.

நாவில் வாழ்தலின் ஆற்றல் துயர்க் காலத்திலேதான் நன்கு புலனாகும். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் ஆழிப்பேரலை எழுந்தது. பறங்கியர் வாழ்ந்த டச்பார்க் கரையும் கல்லடிக் கரையும் உயிர்களை இழந்தன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சாய்ந்தது. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசை நடந்துகொண்டிருக்கையில், புனித மரியாள் பேராலயத்தினுள்ளே யோசேப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. மாண்டோருட் சிறுவரும் பலர். ஒவ்வொன்றின் பின்னும் மார்கழி வந்தது. பழைய பாடல்களும் வந்தன. துயருற்றோர் புதுப்பாடலைக் கற்க மனங்கொள்ளார். தாய் பாடக் கேட்டதும், இறந்தவரோடு கூடிப் பாடியதுமாகிய பாடலையே அவர் நாடுவர். பழம்பாடலின் கவர்ச்சி இங்கேயே உளது. அதனைப் பாடுங்கால் முன்பு உடன்பாடியோர் குரலும் நெஞ்சில் ஒலிக்கின்றது.

மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவை கடல் கடந்து சயாம் நாட்டரண்மனை வரை சென்றது. அங்குள்ள பிராமணர் பொருள் மறந்தும் அதன் பாக்களை விழாவிலே ஓதிவந்தனர் என அறிஞர் கண்டறிந்தனர். வியக்கத்தக்க நிலைபேறுதான். ஆயினும் நிலைத்தல் வேறு, வாழ்தல் வேறு. எளிய மக்கள் நா, அவர்க்கு விளங்கும் மொழி, ஆண்டுதோறும் மீண்டுவரும் பருவம் ஆகிய மூன்றும் கூடிய இடத்திலேயே பாடல் வாழும். ஒன்று குன்றினும் அது சடங்காகவோ ஏடாகவோ எஞ்சும்.

நம் பாடசாலைகளில் ஒளிவிழா நாளிற் சைவ மாணவரும் நத்தார்ப் பாடலைக் கூடிப் பாடுகின்றனர். அது நன்று. அதே மாணவர் மார்கழி வைகறையில் திருவெம்பாவையைத் தாமே பாடுகின்றனரா, ஒலிபெருக்கி பாடக் கேட்டு உறங்குகின்றனரா என்பதை நாம் வினவுதல் வேண்டும். ஒலிபெருக்கிக்கு நினைவில்லை. அயலவர் பாடலின் நிலைபேறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே: பாடலைக் காக்க விரும்புவோர் அதனைப் பாடுக.