இரண்டு நல்லூர், ஒரு பனம்பழம்

விருத்தாசலத்துப் பக்கம் நல்லூர் வட்டாரத்தில் ஆவணி பிறந்தால் பனம்பழம் உதிரும். சுட்டு, நாரைச் சப்பித் தின்பார்கள். கொட்டையைப் புதைத்துப் பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்குவார்கள். கடலுக்கு அந்தப்புறம் யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கமும் அதே பழந்தான். ஆனால் அங்கே அது பனாட்டாகிறது. பழக்களியைக் கட்டியாக்கித் துண்டு போடும் வித்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றொரு எண்ணம் நம்மிடம் உண்டு. அதற்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்துச் சீமைமாதுளையைச் சர்க்கரையோடு காய்ச்சி மர்மெலாடா செய்தார்கள். போர்த்துக்கீசியரோடு வந்த அந்தக் கைப்பழக்கம், கோவாவில் கொய்யாப்பழத்தைப் பிடித்துக்கொண்டு பெராடா ஆயிற்று. பனாட்டு அந்தக் குடும்பத்தில் பிறந்ததல்ல. அதற்குச் சர்க்கரையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

தோல் உரித்த பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பினைந்து, தும்பு நீக்கி, மஞ்சள் களியைப் பந்தலின்மேல் விரித்த ஓலைப்பாயில் மெல்லப் பூசுவார்கள். காய்ந்ததும் அதன்மேல் மறுபூச்சு. இப்படிப் பல நாள் ஏறி, தோல்போல் தடித்த பிறகுதான் உரித்து வெட்டுவது. அதைப் பனம்பாணியில் ஊறப்போட்டால் பாணிப்பனாட்டு. பனையைப் பற்றி 1850இல் கொழும்பில் நூல் வெளியிட்ட வில்லியம் ஃபெர்குசன் பனாட்டையும் விடாமல் எழுதியிருக்கிறார். இது வெறும் வற்றல், மர்மெலாடாவோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அதைக் கட்டியாக்கும் பெக்டின் பனங்களியிலும் இருக்கிறது. மர்மெலாடாவில் சர்க்கரை நீரைக் கட்டிப்போடுகிறது. இங்கே வெயில் நீரையே விரட்டிவிடுகிறது. இரண்டிலும் பழம் கெடாமல் நிற்பது நீர் குறைவதால்தான். கசக்குமே என்றால், ஆமாம், ஃபிளாபெல்லிஃபெரின் என்ற பொருளால் லேசாகக் காறும். மிட்டாய் என்றால் தித்திப்பு மட்டுமே என்பது ஆலைச் சர்க்கரை மலிந்த பிறகு நமக்கு வந்த நாக்கு.

அப்படியானால் நம் நல்லூரில் ஏன் அது வீட்டுக்கு வீடு ஊன்றவில்லை? கொட்டை கிழங்குக்குப் போய்விடுவதால் என்பது சரியான பதிலல்ல. களி பிழிந்த கொட்டையும் முளைக்கும், யாழ்ப்பாணத்தார் இரண்டையுமே எடுத்தார்கள். எனக்குப் படுவது, வானம்தான் காரணம். பழம் விழும் மாதங்களில் யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கும். கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியிலோ அப்போதுதான் சாயங்காலத்து இடிமழை. பூச்சின்மேல் பூச்சாக நாள்கணக்கில் காயவேண்டிய பாய் ஒரே மழையில் பூசணம் பிடிக்கும். தூத்துக்குடியும் ராமநாதபுரமும் அந்த மாதங்களில் காய்கிற சீமைதானே என்று மடக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பனை கருப்பட்டிக்கு வாழ்ந்தது. பதநீருக்காகப் பாளை சீவிய மரத்தில் அந்தப் பாளை காயாகாது, காயில்லாமல் பழம் ஏது?