வரியை நிறுத்திய ஈயம்

பழைய தலித் இதழ்களின் பக்கப் படங்களை முதன்முதலாகப் பார்க்கும் தோழர்கள் பலர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். சொற்கள் ஏன் வரியின் ஓரத்தில் கண்ட இடத்தில் முறிந்து கிடக்கின்றன? கோடுகூடப் போடாமல் பாதிச் சொல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறதே, அச்சுக் கோத்தவர்களுக்குப் படிப்பு போதாதா? கேள்விக்குள் இருக்கும் ஏளனத்தை முதலில் கழற்றி வைப்போம். அது படிப்பின் குறை அல்ல, ஈயத்தின் கணக்கு.

கம்போசிட்டர் ஒவ்வொரு எழுத்தாகக் கேஸிலிருந்து எடுத்து, இடக்கையில் பிடித்த ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்குவார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நாம் பார்க்கும் வெள்ளையும் ஓர் உலோகத் துண்டுதான். எழுத்தைவிட உயரம் குறைந்தது என்பதால் அதில் மை படாது, தாளில் பதியாது. 12 பாயிண்ட் எழுத்துக்கு முழு குவாட் 12 பாயிண்ட் அகலம். அதில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று ஸ்பேஸ்கள் உண்டு: 4, 3, 2.4 பாயிண்ட். இவற்றை மாற்றி மாற்றிச் செருகித்தான் எல்லா வரிகளையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது அழகுக்காக மட்டும் செய்வதல்ல. பக்கம் முழுவதையும் இரும்புச் சட்டத்துக்குள் நாலாபுறமும் முடுக்கினால்தான் மெஷினில் ஏற்ற முடியும். ஒரு வரி தளர்ந்திருந்தால் போதும், தூக்கும்போது எழுத்துகள் பொலபொலவென்று உதிரும். பல மணி நேர உழைப்பு தரையில் கிடக்கும்.

இங்கேதான் தமிழ் வேறுபடுகிறது. நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு போகும். அக்கால நடையில் சந்தி சேர்ந்து இன்னும் நீளும். ஒரு வரிக்கு 12 பாயிண்ட் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதே அகலத்தில் ஆறு சொற்கள் வந்தால் இடைவெளிகள் ஐந்து, ஒவ்வொன்றும் 2.4 பாயிண்ட் கூடினால் போதும், கண்ணுக்கே தெரியாது. குறுகிய பத்தியில் மூன்று தமிழ்ச் சொற்கள் என்றால் இடைவெளிகள் இரண்டுதான். ஒவ்வொன்றிலும் 6 பாயிண்ட் கூட்டினால் வரியில் ஓட்டை விழும். அதனால் இடம் தீரும் எழுத்தோடு சொல்லை முறித்தார்கள். அதற்கும் ஒழுங்கு இருந்தது. புள்ளி எழுத்தில் வரியைத் தொடங்குவதில்லை. கொம்பை அதன் எழுத்திலிருந்து பிரிப்பதில்லை.

ஓட்டை விழுந்தால் தாளும் வீண். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது அது நான்கு பக்கம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழும் நான்கு பக்கம்தான். ஒரு பைசா என்பது காலணா. அந்த விலைக்குள் வரலாறு, பௌத்தம், அரசியல், வாசகர் கடிதம் எல்லாம் அடங்க வேண்டும். இப்படிப்பட்ட இதழில் வெள்ளையும் காசுதான். பிறர் அச்சகத்தை நம்பியிருந்தால், எது எப்போது அச்சாகும் என்பதும் பிறர் கையில். சொந்த அச்சகத்துக்காக நம் முன்னோர் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை இங்கிருந்து யோசிக்கலாம்.

அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழ'னை மறுபடி கொண்டுவந்தது கோலார் தங்கவயலிலிருந்து. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி நம் வடார்க்காட்டு மக்கள். இந்த அச்சு வரலாற்றில் நம் தோல் பகுதிக்கும் பங்கு உண்டு என்று சொல்லக் காரணம் அது மட்டுமல்ல. மை தடவும் உருளைகளை அக்காலத்தில் வச்சிரப் பசையும் வெல்லப்பாகும் சேர்த்து வார்ப்பார்கள். வச்சிரம் என்பது தோலிலிருந்து சுரண்டிக் கழித்ததைக் காய்ச்சி எடுப்பது. சுரண்டியது யார் என்று ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இல்லாமல் இன்று நமக்கு அயோத்திதாசர் இல்லை. ஆனால் எந்தப் பதிப்பானாலும், புதிதாகக் கோத்த உடனே பழைய வரிகள் கரைந்துவிடும். ஆசிரியரின் பெயர் நிற்கிறது. கோத்தவரின் பெயர் பெரும்பாலும் எங்குமில்லை. நெருக்கிய வரி, தளர்ந்த வரி, முறிந்த சொல், இவைதான் அவர் கை பட்ட தடம். பத்தியின் கடைசி வரிகள் மட்டும் நெருங்கி இருந்தால், மிஞ்சிய செய்தியை அவர் எப்படியோ உள்ளே திணித்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். பழைய இதழ்களைத் தட்டச்சு செய்யும் தோழர்கள் சொற்களைச் சேர்த்து எழுதும் முன், வரி எங்கே முறிகிறது என்பதை ஒரு சாய்கோடு இட்டுக் குறித்து வையுங்கள். பக்கப் படத்தையும் அழிக்காதீர்கள்.