எல்லையின் இருபுறத்து நிலக்கணக்கு

பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை நிலங்களும், கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாலுள்ள களியக்காவிளை, குழித்துறை நிலங்களும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் என்னும் ஒரே அரசின் கணக்கில் இருந்தன. வார்டு, கானர் என்னும் இரு ராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து படமாக்கினர். அந்தப் படத்தில் ஊரும் ஆறும் மலையும் இருந்தன. தனியார் நிலத்தின் வரப்பு இல்லை. 1886-இல், அதாவது கொல்லம் ஆண்டு 1061-இல், அரசர் பிறப்பித்த விளம்பரத்தின்படி நடந்த நிலவரித் திட்டமே துண்டு துண்டாக நிலத்தை அளந்து, எண் கொடுத்து, உடையவர் பெயரைப் பதிந்தது.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரே மூலத்திலிருந்து வந்த கணக்கு அன்றுமுதல் இரண்டு வழியில் வளர்ந்தது. கேரளத்தில் 1966-இல் தொடங்கிய மறு அளவையில் பழைய எண்கள் மாறின. உடைமை, உடையவர் பெயரிலான தண்டப்பேர்க் கணக்கில் ஏறியது. பெயர் மாற்றத்துக்குப் போக்குவரவு என்று பெயர். குமரியில் அதே வேலை பட்டா மாறுதல் ஆனது. அங்கே பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் கண்ட எண்ணை இன்றைய எண்ணோடு பொருத்திய பிறகே நிலம் அடையாளப்படும்.

2008-இல் மத்திய அரசின் நில ஆவண நவீனமயத் திட்டம் வந்தது. தமிழ்நாடு தமிழ் நிலம் மென்பொருளில் பட்டாவையும், கொலாப்லேண்டில் புலப்படத்தையும் வைத்தது. கேரளம் 2022 நவம்பர் 1-இல் டிஜிட்டல் அளவையைத் தொடங்கி, 'என்டெ பூமி' தளத்தில் பத்திரப்பதிவு, வருவாய், அளவை மூன்றையும் இணைத்தது. ஆயினும் இரு மாநிலத்துக்கும் இவை தனித்தனித் தரவுத்தளங்கள். பாறசாலையில் வீடும் களியக்காவிளையில் தோட்டமும் உடைய குடும்பம் இரண்டு தளங்களிலும் தனித்தனியே தேட வேண்டும்.

வெவ்வேறு இடத்தில் இருக்கும் நிலத்தரவை ஒரே கேள்வியால் எடுக்க இரண்டு தேவை: எல்லாத் தளமும் அறிந்த அடையாளமும், ஒரே ஆயத்தொலைவு முறையும். 2021-இல் அறிமுகமான 14 இலக்க நில அடையாள எண் இவ்விரண்டையும் சேர்த்தே தருகிறது. நிலத்தின் மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து அது கணிக்கப்படுகிறது. அந்த எண் நிலம் எங்கே என்பதைச் சொல்லும். உடையவர் யார் என்பதை, அந்தந்த மாநில வருவாய்த் துறையின் பதிவேடே சொல்ல வேண்டும்.