பேராக்கில் பாரம் ஏறிய வழி

1879-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இஸபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி தைப்பிங்கிலிருந்து கோலகங்சாருக்குப் பிரயாணம் செய்தபோது, இடையே குறுக்கிட்ட புக்கிட் பெராப்பிட் கணவாயை யானை மீதேறித்தான் கடந்தார். அந்தச் சவாரி சுகமானதன்று என்பதையும் நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த தம் நூலில் விரிவாகவே எழுதி வைத்தார். அக்காலப் பேராக்கில் பாரம் சுமந்தவை ஆறும் யானையும் மனிதத் தோளுமே. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், தைப்பிங்குக்கும் கோலகங்சாருக்கும் நடுவே பிந்தாங் மலைத்தொடர், ஈப்போவுக்கு மேற்கே கிளேடாங் குன்றுகள் என்று நிலம் முழுவதும் ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் இம்மாநிலத்தின் சரித்திரத்தைச் சுல்தான்களையும் ரெசிடெண்டுகளையும் சுரங்க முதலாளிகளையும் கொண்டு எழுதியவர் பலர். சரிவுகளில் பாரம் இழுத்த சாதனங்களையும், அவற்றைக் கையாண்ட மனிதரையும் கொண்டு அது இன்னும் எழுதப்படவில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம்.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்குக்கும், இன்று கோல செப்பத்தாங் எனப்படும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு மைல் நீளமுள்ள அப்பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர். அது கரையோரச் சமதரையாதலால் யந்திரத்துக்குப் பெரிய சோதனை நேரவில்லை. பாதை கோலகங்சாரை நோக்கித் திரும்பி, யானை ஏறிய அதே கணவாயை எதிர்கொண்டபோதுதான் நீராவி யந்திரத்தின் இயல்பு வெளிப்பட்டது. அதன் உந்துதண்டு சக்கரத்தோடு நேரே பிணைக்கப்பட்டிருப்பது. இடையே கியர் என்று ஒன்று இல்லை. சரிவு கடுமையானால் அதற்கேற்ப வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கிக்கொள்ளும் உபாயம் அதற்கு இல்லாமையால், மலையைத்தான் யந்திரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்தது. பாறையைக் குடைந்து சுரங்கங்கள் போட்டார்கள். நேர்வழியை விட்டு வளைந்து வளைந்து போனார்கள். மோட்டார் வண்டி வந்தபின் இந்த முறை தலைகீழாயிற்று. இனி மலை இருந்தபடி இருந்தது. வளைந்து கொடுக்க வேண்டியது யந்திரமாயிற்று. அதற்கு வழி செய்தது கியர்ப்பெட்டி.

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் நாற்றுகளின் வம்சம், இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதிக்குள் சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை மேடு பள்ளமெல்லாம் பரவிவிட்டது. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுப் பாலைக் கொண்டுவந்து கொட்டிய கதையைத் தோட்டத்துத் தமிழர் எல்லாரும் அறிவர். கொட்டிய பாலைத் தொழிற்சாலை சேர்த்தவனின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. ரப்பர் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது பெரும்பாலும் நீர். ஆக, தோட்டத்து லோரியும் டிராக்டரும் மூன்று டன் இழுத்தால் அதில் இரண்டு டன் தண்ணீரையே இழுத்தன. பால் உறைந்துவிடும் என்பதால் அமோனியா கலந்தும் விரைந்து ஓட வேண்டியிருந்தது. தொட்டி பாதி நிறைந்திருந்தால் ஏற்றத்தில் பாலெல்லாம் பின்பக்கம் சாய்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும். இறக்கத்தில் முன்னோக்கி மோதி வண்டியைத் தள்ளும். மழை நனைத்த செம்மண் சடக்கில் இந்தத் தள்ளுதலைச் சமாளித்த ஓட்டுநர், எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற விதியை ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவரல்லர்.

1948 இரண்டு காரணங்களால் இக்கதையில் முக்கியமான ஆண்டு. ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிரகடனமாயிற்று. தோட்டத்து வண்டிகளுக்கு இரும்புத் தகடு போர்த்தினார்கள். சாதாரணக் காரின் எஞ்சினும் கிளட்சும் தமக்கென்று விதிக்கப்படாத பாரத்தைச் சுமந்து குன்றேறித் தவித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமாகியிருந்தது. பின்னர் ராணுவத்தின் மூலமும் தோட்டங்களின் மூலமும் இங்கு வந்து சேர்ந்த அவ்வண்டியின் உள்ளமைப்பு சற்று நின்று பார்க்கத் தக்கது. நான்கு கியர்கள் கொண்ட பிரதானப் பெட்டிக்குப் பின்னால், உயர்நிலை தாழ்நிலை என இரு நிலைகளுள்ள துணைப்பெட்டி ஒன்று. அதன்பின் அச்சில் 4.7-க்கு 1 என்னும் விகிதம். 1958-இல் வந்த இரண்டாம் வரிசை வண்டியில் உயர்நிலையின் நான்காம் கியரில் சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சின் ஏறத்தாழ ஐந்தரைச் சுற்றுகள் சுழன்றால் போதும். தாழ்நிலையின் முதற்கியரிலோ நாற்பது சுற்றுகள் சுழல வேண்டும். அந்த நாற்பதின் பலத்தில்தான் சேற்றையும் சரிவையும் பாலின் பாரத்தையும் வென்று வண்டி ஏறியது. முதலிரண்டு கியர்களுக்கு ஒத்திசைவு வளையம் இல்லாததால், ஏற்றத்தின் நடுவே கியரைத் தாழ்த்த கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் எண்ணெய் மிதியை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினின் ஓசையைக் காதால் அளந்து பல்லோடு பல் சேர்க்க வேண்டும். தாமதித்தால் வண்டி நின்றுவிடும். பதறினால் பற்கள் நறநறவென்று கத்தும். இது வித்தையேயன்றி வேறில்லை.

இவ்வித்தையின் பரீட்சைக்களம் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை. 1926-இல் தொடங்கி 1931-இல் தானா ராத்தாவை எட்டிய அச்சாலை, கடல்மட்டத்தை அடுத்த தாப்பாவிலிருந்து கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏறுகிறது. தேயிலையும் காய்கறியும் அவ்வழியேதான் இறங்கின. மூன்று டன் எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிந்து தரும் உஷ்ணத்தைக் காட்டிலும் சற்று அதிகம். அவ்வளவு உஷ்ணமும் பிரேக்கிலோ எஞ்சினிலோ கழிந்தாக வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கியவனுக்குக் கருகிய நாற்றம் முதல் எச்சரிக்கை. மிதிகட்டை பிடிப்பின்றித் தாழ்வது இரண்டாவது. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் அவகாசம் இராது. தாழ்ந்த கியரில் எஞ்சினையே தடையாக்கி இறங்கியவன் பத்திரமாகத் தாப்பா சேர்ந்தான். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளில் பின்பக்கம் விஞ்சு பூட்டிக் காட்டுமரம் இழுத்த ‘சான் தாய் வோங்’ லோரிகளும் இதே விதியில்தான் ஓடின.

பல்லோடு பல் சேரும் பழைய பெட்டியில் விரயமாகும் சக்தி மிகச் சொற்பம். அதன் இரும்பு உடலே உஷ்ணத்தைக் காற்றில் கழித்துவிடும். இன்று ஈப்போவிலும் சிம்பாங் பூலாய்ச் சாலையிலும் நாம் காணும் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் வண்டிகளில் பெரும்பாலும் ஆட்டோ கியர். அதில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே நிற்பது எண்ணெய். பாரம் ஏற்றி மெதுவாக மலையேறும்போது ஒருபுறம் வேகமாகவும் மறுபுறம் மெதுவாகவும் சுழலும் இரு விசிறிகளுக்கு நடுவே அந்த எண்ணெய் கடையப்பட்டுக் கொதிப்படைகிறது. 120 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதன் ஆயுள் விரைந்து தேய்கிறது. சிவந்த நிறம் பழுப்பாகி, கருகல் வாசனை வருகிறது. ரேடியேட்டருக்குள் அடங்கிய சிறு குளிர்கலம் சமதரைக்குப் போதும். டுரியான் தோப்பிலிருந்து முழுப்பாரத்தோடு நாள்தோறும் ஏறி இறங்குகிறவருக்கு, முன்பக்கக் காற்றுபடும் இடத்தில் தனிக் குளிர்கலம் பொருத்துவது செலவாகாது, சேமிப்பேயாகும். வண்டி வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் கேட்டுவிட்டு வருவதும் தவறு. முதற்கியரின் விகிதத்தை அச்சின் விகிதத்தோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். அழகுக்காகப் பத்து சதவீதம் பெரிய டயர் மாட்டினால் இழுவிசையில் ஏறத்தாழ அதே அளவு குறைந்துபோகும் என்பதையும் இளைஞர் அறிவது நலம்.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவிட்டன. அவற்றின் லயங்களோடு ஓட்டக் குறிப்பேடுகளும் பழுதுபார்த்த கணக்குகளும் எங்கெங்கோ சிதறிவிட்டன. 1883-இல் ஸ்தாபிக்கப்பட்ட தைப்பிங் அரும்பொருட்காட்சிசாலை இம்மாநிலத்தின் விலங்குகளையும் ஆயுதங்களையும் போற்றிப் பாதுகாக்கிறது. ஒரு பால் தொட்டி டிரெய்லருக்கும் அதை இழுத்த வண்டிக்கும் அங்கே இடம் தர வேண்டும். தோட்டத்து லோரி ஓட்டிய பெரியவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருப்பாராயின், எந்தச் சரிவில் எந்தக் கியர் போட்டார், எங்கே நிறுத்தி வண்டியை ஆறவிட்டார் என்பதை இவ்வாண்டே கேட்டு எழுதி வையுங்கள்.