ஐடிஐ-யில் சேர்ந்தும் விடாத கணக்கு: டர்னருக்கு 'டேன்' எதற்கு?

"கணக்கு வராதுன்னுதானே ஐடிஐ வந்தேன், இங்கேயுமா?" ஃபிட்டர், டர்னர் பிரிவுகளில் புதிதாகச் சேருவோரிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. காரணம், அங்கே 'ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் அண்ட் சயின்ஸ்' என்றொரு பாடம் இருக்கிறது.

எதற்கு இந்தக் கணக்கு?

லேத்தில் ஒரு டேப்பர் கடைய வேண்டும் என வைத்துக்கொள்வோம். பெரிய விட்டம் 40 மி.மீ., சிறியது 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. விட்டங்களின் வித்தியாசம் 10. அதை நீளத்தின் இரு மடங்கான 100-ஆல் வகுத்தால் 0.1. இதுதான் 'டேன்' மதிப்பு. கோணம் சுமார் 5.7 டிகிரி. காம்பவுண்ட் ரெஸ்ட்டை அவ்வளவு திருப்ப வேண்டும்.

இரு மடங்காக்க மறந்தால் கோணம் 11.3 டிகிரி ஆகிவிடும். ஜாப் ஸ்கிராப்தான்!

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த அதே 'டேன்'தான் இது. சூத்திரத்துக்கு முன்னால் லேத்தைக் காட்டிவிட்டால், "நமக்கெதுக்கு இது?" என்ற கேள்விக்கே வேலை இருக்காது.