அம்பாப் பாட்டும் ஒலிபெருக்கியும்

திருகோணமலையின் உள்துறைமுகத்தை அடுத்து ஓர்ஸ் ஹில் என்னும் மேட்டுநிலம் அமைந்திருக்கின்றது. ஆங்கிலேயர் காலத்துப் பெயர் அங்கே இன்றும் மாறாமல் வழங்குகின்றது. ஒருபுறம் ஆழமும் அமைதியும் வாய்ந்த துறைமுக நீர். மறுபுறம், நகரைக் கடந்து சென்றால், அலையெறியும் வெளிக்கடல். இவ்விரு நீர்களின் ஓரத்திலும் நெடுங்காலம் இருவேறு வகையாக வேலை நடந்து வந்தது. வெளிக்கடற் கரையிலே மீனவர் பாடிக்கொண்டு வலை இழுத்தனர். உள்துறைமுகத்திலே நங்கூரமிட்ட போர்க்கப்பல்களிலோ, மாலுமிகள் வாய்திறவாது கயிறு இழுத்தனர். வேலை செய்வோனுக்குப் பாட்டுத் துணையா, இடையூறா? துணையாயின், அந்தப் பாட்டை யார் தெரிந்தெடுப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புறப்படுவோர்க்கு இந்தத் துறைமுகத்தைவிடப் பொருத்தமான தொடக்கவிடம் வேறில்லை.

முதலில் கரைவலையைப் பார்ப்போம். வலைக்கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையிலே விட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். பிறை வடிவாக வலையை இறக்கி, மறு தலைப்பைச் சற்றுத் தொலைவிற் கரைசேர்க்கும். பின்னர் இரண்டு அணியினர் இரு கயிறுகளையும் பற்றி இழுக்கவேண்டும். ஓரணி விரைந்து மற்றையது பிந்தினால் வலை கோணும், மீன் தப்பும். ஆகவே பல கைகளும் ஒரே கணத்தில் வலித்தல் வேண்டும். இந்த ஒருமையை உண்டாக்குவதே அம்பாப் பாட்டு. ஒருவன் அடியெடுத்துக் கொடுப்பான். ஏனையோர் மறுமொழியாகக் குரல் கொடுத்து, அந்தக் குரலின் அழுத்தத்திலேயே கயிற்றை வலிப்பர். வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு ஆறுதலாகச் செல்லும். மடி கரையை நெருங்கும்போது அதுவும் விரையும். இடையிடையே வரும் 'ஏலேலோ' என்னும் சொல்லுக்கு ஒரு கதையும் உண்டு. திருவள்ளுவரின் நண்பர் என்று சொல்லப்படும் ஏலேலசிங்கன் என்ற வணிகரின் பெயரையே கப்பலோட்டிகள் இவ்வாறு பாடினர் என்பது அக்கதை. கதை எவ்வாறாயினும், அந்தச் சொல்லின் தொழில் ஒன்றே: மூச்சையும் கையையும் ஒரு கட்டில் நிறுத்துவது.

இவ்வழக்கம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலே உழவரின் ஏர்மங்கலமும், களத்திலே நெல்லைப் போரடிப்போரின் முகவைப் பாட்டும் கூறப்படுகின்றன. வாழ்த்துக் காதையிலே மகளிர் நெற்குற்றும்போது பாடும் வள்ளைப்பாட்டு வருகின்றது. ஓருரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடும்போது, ஓர் உலக்கை எழும் நேரத்தில் மற்றையது விழவேண்டும். தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும். கீழ்மாகாணத்து வயல்களிலே, எனில் நம் கிழக்கிலங்கையிலே, அரிவிவெட்டுக்கும் சூடுமிதிப்புக்கும் தனித்தனிப் பாட்டுகள் இருந்தன. மாடுகள் களத்தைச் சுற்றிவரப் பொலி பாடுவோரின் குரல் இரவு முழுவதும் ஒலித்தது. இத்தகைய நாட்டுப் பாடல்களின் செய்திகளை வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியான 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் விரிவாகத் தந்துள்ளார்கள்.

பிற நாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். பழைய ஏதென்சு நகரத்தின் மூவடுக்குப் போர்க்கலம் ஒன்றிலே 170 பேர் தண்டு வலித்தனர். அவர்களுக்குத் தாளம் காட்டக் குழலூதுவோன் ஒருவன் கலத்திலேயே இருந்தான். செருமானியப் பொருளியலறிஞர் கார்ல் பியூக்கர் 1896இல் 'உழைப்பும் தாளமும்' என்ற பொருள்படும் நூலொன்றை எழுதினார். பல நாட்டுத் தொழிற்பாடல்களைத் திரட்டி ஆராய்ந்த அவர், உழைப்பின் தாளத்திலிருந்தே பாட்டுப் பிறந்தது என்று வாதித்தார். அவர் முடிபை முழுதும் ஏற்காதாரும் உண்டு. ஆயினும் உலக்கையும் துடுப்பும் கயிறும் உள்ள இடமெல்லாம் பாட்டும் உண்டென்பதை அவர் நூல் நிலைநாட்டியது.

இனி உள்துறைமுகத்துக்கு வருவோம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளங்களுள் ஒன்றாயிற்று. 1957இல்தான் அத்தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. பிரித்தானிய வணிகக் கப்பல்களில் பாட்டுப் பாடிக் கயிறு இழுத்தல் பெருவழக்கு. அங்கே ஆட்கள் குறைவு. பாட்டின் வலியும் வேண்டியிருந்தது. போர்க்கப்பல்களிலோ நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். கட்டளை எல்லார் காதிலும் தெளிவாக விழவேண்டும். ஆகவே பாட்டுக்கு இடமில்லை. சீழ்க்கைக் குழலின் ஓசையும், நங்கூரம் தூக்கும்போது பிடில் அல்லது புல்லாங்குழலின் இசையுமே வேலையை நடத்தின. வெளிக்கடற் கரையில் உழைப்போரின் பாட்டே அவர்களின் வேகத்தை வகுத்தது. உள்துறைமுகத்தில் மேலாளின் ஓசை அதனை வகுத்தது. இந்த வேற்றுமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இயந்திரம் வந்தபின் இவ்வேற்றுமை பெரிதாயிற்று. நூற்பாலையிலே தாளத்தைத் தருவது இயந்திரம். மனிதன் பாட்டு அதற்கு வேண்டியதில்லை. வேண்டியதில்லை என்பதோடு நில்லாமல், அது குற்றமும் ஆயிற்று. மான்செஸ்டர் நகரை அடுத்த டில்ட்ஸ்லி என்னும் ஊரின் நூற்பாலைத் தொழிலாளர்மீது விதிக்கப்பட்ட அபராதங்களின் பட்டியல் ஒன்று 1823இல் வெளியாயிற்று. சீழ்க்கையடித்தால் ஒரு சில்லிங் அபராதம் என்பது அதில் ஒன்று. ஏர்மங்கலம் பாடிய மனித குலத்துக்கு இப்படியும் ஒரு காலம் வந்தது.

ஆனால், வாயடைத்து வேலை செய்பவன் சலிப்படைகிறான். சலிப்படைந்தவன் கை தளர்கிறது. இதனை இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர். பிரித்தானியக் கைத்தொழிற் சுகாதார ஆராய்ச்சிச் சபைக்காக வையட், லாங்டன் என்னும் இருவர் தயாரித்த அறிக்கை 1937இல் வெளிவந்தது. ஒரே மாதிரியான வேலையை நாள் முழுவதும் செய்வோருக்கு இடையிடையே இசை கேட்பித்தால் சலிப்புக் குறைந்து உற்பத்தி சிறிது உயர்கிறது என்று அது கூறிற்று.

மூன்றாண்டுகள் கழித்து இலண்டன் பீ. பீ. சீ. அதனைச் செயலாக்கியது. உலகப்போர் உக்கிரமடைந்த 1940ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் தேதி, 'வேலை செய்யும்போது இசை' என்ற பொருள்படும் பெயருடன் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி. பின்னர் இரவு வேலையாளர்க்கும் ஒன்று. படைக்கலத் தொழிற்சாலைகளிலே ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. நிகழ்ச்சியை வகுத்தோர் கடுமையான விதிகள் வைத்தனர். மெட்டு எல்லாரும் அறிந்ததாய் இருக்கவேண்டும். வேகம் ஏறியிறங்கக் கூடாது. தூங்கவைக்கும் மென்மையும் ஆகாது. இயந்திர இரைச்சலை மீறிக் கேட்கும் வாத்திய இசையே ஏற்றது. கைதட்டுவதற்கென்றே இடைவெளி விட்ட அமெரிக்கப் பாட்டொன்று நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. அந்த இடம் வந்ததும் தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துக் கைதட்டினர். சிலர் கருவிகளாலேயே மேசையைத் தட்டினர்!

திருகோணமலைமீது 1942 ஏப்பிரில் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய அந்நாட்களிலே, கடலுக்கப்பால் தொழிற்சாலைகளில் அவ்விசை ஒலித்துக்கொண்டிருந்தது. போர் முடிந்த பின்னும் அந்நிகழ்ச்சி நாள்தோறும் தொடர்ந்து, 1967இல் முடிவுற்றது. அதே ஆண்டில்தான் நம் இலங்கை வானொலியும் கூட்டுத்தாபனமாயிற்று.

அமெரிக்காவில் இதனை வணிகமாக்கினர். படைத்தளபதியாயிருந்த ஜோர்ஜ் ஸ்குவையர் என்பவர் கம்பிவழியே இசை அனுப்பும் நிறுவனமொன்றை நிறுவி, 1934இல் அதற்கு 'மியூசாக்' என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அந்நிறுவனம் இசையைக் கால்மணிப் பகுதிகளாக வகுத்தது. ஒவ்வொரு பகுதியிலும் வேகம் படிப்படியாக ஏறும். பின் சிறிது நேரம் மௌனம். கேட்பவன் அறியாமலே அவன் கை விரையவேண்டும் என்பதே நோக்கம். அம்பாப் பாட்டும் விரைந்தது. ஆனால் வலையின் பாரத்தை உணர்ந்த கைகளுக்காக விரைந்தது. இங்கே விரைவை எங்கோ இருந்த ஒருவர் அட்டவணை போட்டு அனுப்பினார். கேட்பவர்க்கு அதை நிறுத்தும் உரிமை இருக்கவில்லை.

இதுவரை கையால் செய்யும் வேலையைப் பற்றிப் பேசினோம். மூளையால் செய்யும் வேலை எப்படி? நம்மிடையே வழங்கும் செவிவழிக் கதையொன்று இதற்கு வழிகாட்டுகின்றது. கவிச்சக்கரவர்த்தி கம்பர் ஒருநாள் வயல்வழியே செல்கையில் ஏற்றம் இறைப்பவனின் பாட்டைக் கேட்டாராம். மூங்கிலிலை ஒன்றைப் பற்றிய பாதிப் பாட்டோடு அவன் வேலையை முடித்துச் சென்றுவிட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்ற எண்ணம் கம்பரை விடவில்லை; மறுநாள் அவன் வரும்வரை காத்திருந்தார் என்பர். 'ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டில்லை' என்ற பழமொழியும் இக்கதையோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றது. கதை நடந்ததோ இல்லையோ, அதிலுள்ள உண்மை பெரிது. ஏற்றக்காரனின் கவனத்தை வேலையில் நிறுத்திய அதே பாட்டு, கவிஞரின் கவனத்தைப் பறித்துக்கொண்டது. இறைப்பவனுக்கு அது தாளம். சொற்களால் வேலை செய்பவனுக்கு அது போட்டிச் சொல்.

ஆய்வுகூடங்களும் இதனையே கண்டன. 1976இல் கோல், வெல்ஷ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், எழுத்துகளைப் பார்த்து நினைவில் வைக்க முயல்வோரின் காதில் பிறமொழிப் பேச்சை ஒலிக்கவிட்டனர். பேச்சு விளங்காதபோதும் நினைவு குலைந்தது. சலாமே, பாட்லி என்னும் இருவர் 1989இல் வெளியிட்ட ஆய்விலே, சொற்களோடு கூடிய பாட்டு, வாத்திய இசையைவிட அதிகமாக இடையூறு செய்தது. வாசிப்பதும் மனனம் செய்வதும் மனத்துக்குள்ளே ஒலிக்கும் சொற்களால் நடக்கும் வேலைகள். வெளியே இருந்து வரும் சொல் அவற்றோடு மோதும். ஓருரலில் தாளம் தவறிய உலக்கைகள் மோதுவது போலத்தான் இதுவும்.

இதற்கு எதிர்முகமாகவும் ஓர் உண்மை உண்டு. கைக்குப் பழகிப்போன வேலையிலே சொல் இடையூறாகாது, உணவாகவே அமையும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலே ஒருவர் பத்திரிகையும் கதையும் உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டபடியே சுருட்டுச் சுற்றினர். கியூபா நாட்டு அவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865இல் இத்தகைய வாசிப்புத் தொடங்கியது. விரல்கள் தாமே வேலையறிந்தவை, மனம் ஓய்ந்திருந்தது, அந்த ஓய்விலே அறிவு புகுந்தது.

மாயமருந்தாக இசையை விற்க முயன்ற காலமும் வந்தது. 1993இல் கலிபோர்னியாவிலே 36 மாணவர்க்குப் பத்து நிமிடம் மொசார்ட்டின் இசையைக் கேட்பித்த ஆய்வாளர், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் பரீட்சையில் அவர்கள் சிறிது நேரம் சற்று மேம்பட்டதாக எழுதினர். கால்மணிக்குமேல் நில்லாத அச்சிறு பயன், ஊர்வாயிற் புகுந்து 'இசை கேட்டால் அறிவு வளரும்' என்றாயிற்று. 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்கப் பணம் கேட்டார். பின்வந்த ஆய்வுகளோ, உள்ளத்துக்கு உகந்தது எதுவாயினும் அது தரும் கிளர்ச்சியே அப்பயனுக்குக் காரணம் என்று விளக்கின.

இவை எல்லாவற்றினும் எனக்குச் சிறப்பாகத் தோன்றும் பரிசோதனை வேறொன்று. கிளாஸ், சிங்கர் என்னும் உளவியலாளர் இருவர் 1972இல் வெளியிட்ட நூலில் அது கூறப்படுகின்றது. எதிர்பாராமல் எழும் இரைச்சலைச் சிலருக்குக் கேட்பித்தனர். அவர்களுட் சிலரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, 'தாங்கமுடியாவிட்டால் இதை அழுத்தி நிறுத்தலாம். அழுத்தாமல் இருப்பதையே விரும்புகிறோம்' என்றனர். அவர்கள் அழுத்தவில்லை, இரைச்சல் இரு சாராருக்கும் ஒன்றே. ஆயினும் பின்னர் அச்சுப்பிழை திருத்தக் கொடுத்தபோது, பொத்தான் இல்லாதவரே அதிகம் பிழைவிட்டனர். கடினமான புதிர்களையும் விரைவிற் கைவிட்டனர். நிறுத்தும் உரிமை கையில் இருந்ததே மற்றவர்க்கு வலிமையாயிற்று.

ஓர்ஸ் ஹில்லிலே விவேகானந்தா கல்லூரி இருக்கின்றது. அங்கும் அயலிலும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். காதிலே கருவியை மாட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளையைக் கண்டால் பெற்றோர் சினக்கின்றனர். அதே வீட்டின்மேல் தெருவின் ஒலிபெருக்கி நாள் முழுவதும் பாடினால் பொறுத்துக்கொள்கின்றனர். வரலாறு இதை மாற்றிச் சொல்கின்றது. கணக்குப் போடும்போதோ படம் வரையும்போதோ, தானே தெரிந்த சொல்லில்லா இசை பிள்ளையைக் கெடுக்காது. பாடம் வாசிக்கும்போது சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொன்னால் போதும். தெருவின் ஒலிபெருக்கியோ, எவ்வளவு இனிய பாட்டாயினும், பொத்தான் இல்லாத இரைச்சலே. விழா எடுப்போர் பரீட்சைக் காலத்திலாவது அதனைத் தாழ்த்துவது, அப்பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவி.

வெளிக்கடற் கரையிலும் காலம் மாறிவிட்டது. உழவு இயந்திரத்தோடு பொருத்திய சுழலி கரைவலைக் கயிற்றை இழுக்கும் வழக்கம் பல கரைகளிற் புகுந்து, அதுபற்றி வாதங்களும் எழுந்தன. சுழலிக்குப் பாட்டு வேண்டியதில்லை. பாட்டைத் தேவைப்படுத்திய கைகள் குறைந்தால் பாட்டும் குறையும். அதைத் தடுக்க யாராலும் இயலாது. ஆனால் அம்பா தெரிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் பாடுவதைப் பதிவுசெய்து வைத்தால், நம் முன்னோர் எந்த வேகத்தில் உழைத்தனர், எங்கே மூச்சு விட்டனர் என்பதை வருங்காலத்தார் செவியாலேயே அறிவர். அந்த வேகத்தை அவர்களே வகுத்துக்கொண்டனர் என்பதையும் அறிவர்.